ரோலரில் ஒட்டிய ஐந்தும் ஏழும்

அச்சு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அடுத்தவர் எழுதியதை ஈய எழுத்தில் கோத்துத்தான் பழக்கம். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. நீட்டி முழக்க வராது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. டெல்லியில் நாராய்ணா பக்கம் ஒரு அச்சகம். பெயர் வேண்டாம். வெளியே பலகையில் கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் என்று எழுதியிருக்கும். குளிர்காலத்தில் உள்ளே பரீட்சைக் கேள்வித்தாள் அடிப்போம். அது வெளியே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

நான் அங்கே எழுத்துக் கோக்கும் பக்கத்துக்கு ஃபோர்மேன். இங்கிலீஷ் எழுத்தை வேகமாகக் கோப்பேன். என்ன கோத்தாய் என்று கேட்டால் பாதிக்கு மேல் சொல்லத் தெரியாது. அதனால்தான் என்னை அந்த வேலையில் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வித்தாள் வேலை வந்தால் உள்ளே போய்விடுவோம். வெளியே பூட்டு. ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். டெலிபோன் இருக்கும் அறைக்கு அரக்கு முத்திரை. ரொட்டியும் சப்ஜியும் கதவிலிருக்கும் சின்னத் திறப்பு வழியாக வரும். பரீட்சை நடத்துகிறவர்களின் அதிகாரி ஒருவர் எங்களோடு உள்ளேயே இருப்பார். கட்டுகள் வண்டியில் ஏறிய பிறகுதான் எல்லோருக்கும் கதவு திறக்கும்.

இரண்டு விதி உண்டு. கோக்கிறவன் கோக்கும்போது பார்ப்பது தவிர யாரும் தாளைப் படிக்கக் கூடாது. இது ஒன்று. அச்சுக்குச் சரி என்று கையெழுத்து ஆனதும் மூலப் பிரதியும் புரூஃபும் உறைக்குள் போய், அரக்கு வைத்து, வெளியே போய்விடும். இது இரண்டு. அதற்குப் பிறகு உள்ளே இருப்பது ஈயம் மட்டும். ஈயம் என்ன சொல்கிறதோ அதுதான் கேள்வி.

அந்த இரண்டாவது விதியில்தான் மாட்டினோம்.

ரசாயனத் தாள். அதில் ஐசோடோப் என்று ஒரு பாடம். பொருள் ஒன்றுதான், எடை மட்டும் வேறு என்று அர்த்தமாம். எழுதும் முறை இப்படி: குளோரினுக்குப் பெரிதாக Cl. அதன் இடது பக்கம் மேலே பொடியாக 35. அதற்கு நேர் கீழே பொடியாக 17. இன்னொரு வகைக்கு மேலே 37. கீழே அதே 17. கீழே இருப்பது மாறாது, மேலே இருப்பதுதான் மாறும் என்று புரூஃப் பார்க்க வந்த வாத்தியார் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வாத்தியார் கரும்பலகையில் அதை ஒரு வீச்சில் எழுதிவிடுவார். ஈயத்தில் அப்படி இல்லை. மேலே இரண்டு பொடி எண், கீழே இரண்டு பொடி எண். இவை சேர்ந்து பக்கத்துப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு வர வேண்டும். ஒவ்வொன்றும் அரிசி மணி கனம். இடுக்கியால் பிடித்து வைக்க வேண்டும். வரியில் மயிரிழை தளர்ந்தாலும் முதலில் கழல்வது அவைதான்.

கேள்வி இதுதான். குளோரினில் முக்கால் பங்கு இந்த வகை, கால் பங்கு அந்த வகை என்று இரண்டு குறியீட்டையும் கொடுத்து, சராசரி எடை கேட்டிருந்தார்கள். முக்காலுக்குப் பக்கத்தில் ஒரு குறியீடு. காலுக்குப் பக்கத்தில் ஒரு குறியீடு. இடம் மாறினால் விடை மாறும். அது எனக்கு அன்று தெரியாது.

மெஷின் ஓட்டியவனை எல்லோரும் மிஸ்திரி என்போம். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். பிறந்து வளர்ந்தது டெல்லி. தமிழ் பேசுவான். எண் மட்டும் இந்தியில்தான் வாயில் வரும். ஆசாத்பூர் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன். சொல்லிச் சேர்த்துவிட்டது நான். மெஷினைக் குழந்தைபோல் பார்த்துக்கொள்வான். பூட்டிக்கொண்டு செய்யும் வேலைக்கு அவனை எடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் டெல்லியில் வெயிலே இல்லை. குளிரில் மை இறுகும். மற்ற நாட்களில் மை டப்பாவை முற்றத்தில் வெயிலில் வைத்து இளக்கி எடுப்போம். பூட்டியிருக்கும்போது முற்றத்துக்கு எங்கே போவது? தாள் குவிந்திருக்கும் இடத்தில் அங்கீட்டி என்கிற கரியடுப்பும் மூட்ட முடியாது. இறுகிய மை பசை மாதிரி. ரோலர் உருளும்போது தளர்ந்த எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

எழுத்து பிடுங்கினால் என்ன செய்ய வேண்டும்? மெஷினை நிறுத்து. கோத்தவனைக் கூப்பிடு. நீயாகத் திருப்பி வைக்காதே. எல்லா அச்சகத்திலும் இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, நிறுத்தினால் திட்டுவார்கள். ஏன் நிறுத்தினாய், யார் கையால் கெட்டது, என்ன நஷ்டம் என்று. அதனால் யாரும் நிறுத்துவதில்லை. சொன்ன விதி ஒன்று, நடந்த விதி வேறு.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் அடித்த தாள் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தேன். எனக்கு ஒரு பழக்கம். முன்பக்கத்தைப் பார்த்தால் படிக்கிறான் என்று சந்தேகம் வரும். அதனால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவேன். எழுத்து உயர்ந்து நின்றால் தாளில் குத்தும். பின்பக்கம் முள் மாதிரி தட்டும்.

தட்டியது. இரண்டு இடத்தில்.

திருப்பிப் பார்த்தேன். குளோரின் வரி. ஐந்தும் ஏழும் மட்டும் கறுப்பாக, அழுந்தி. மற்றதெல்லாம் சீராக இருந்தது. சரி, எழுத்து எழும்பிவிட்டது, தட்டி உட்கார வைக்கலாம் என்று நினைத்தேன். ஒத்துப் பார்க்க வேறு அடுக்கிலிருந்து ஒரு தாள் எடுத்தேன். அதில் அழுத்தமே இல்லை. ஆனால் அதில் முக்காலுக்குப் பக்கத்தில் 35. அழுந்திய தாளில் முக்காலுக்குப் பக்கத்தில் 37.

ஒரே கேள்வி. இரண்டு விதமாக அச்சாகியிருந்தது.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். அதிகாரியிடம் இரண்டு தாளையும் கொடுத்தேன். அவரும் நம்ம ஆள்தான், திருச்சிக்காரர். பி.காம். படித்தவர். இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என்னப்பா இது. எது சரி?"

"தெரியல சார்."

"நீதானே கோத்தே?"

"ஆமா சார்."

"அப்ப ஞாபகம் இருக்குமே. எது முதல்ல?"

35 என்று வாய் வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஏன் 35 என்று தோன்றுகிறது? 35க்கு அப்புறம் 37 வருவது எண்ணுகிற வழக்கம். அது என் ஞாபகமா, வழக்கமா? கோக்கிறவனுக்கு விரல்தான் ஞாபகம். அர்த்தம் தங்காது. தங்காததைத் தங்கியது என்று சொல்லக் கூடாது.

"சத்தியமா சொல்லத் தெரியல சார்" என்றேன்.

மூலப் பிரதி இல்லை. புரூஃப் இல்லை. டெலிபோன் அறை முத்திரையை உடைத்துக் கேட்கலாம். உடைத்தால் அந்தத் தாளே ரத்து. வேறு ஊரில் வேறு தாள் அடிப்பார்கள். எங்கள் அச்சகத்துக்கு அந்த வேலை அதோடு போச்சு. அவருக்கும் விசாரணை. பேசாமல் விட்டால், ஒரு பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் இரண்டு கேள்விக்கு விடை எழுதும். காலையில் வண்டி வருகிறது.

எந்தத் தாள் முதலில் அடித்தது என்று அடுக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்றால், முடியாது. காய வைக்கத் தட்டுகளில் பிரித்து, திரும்பக் கலந்து, எண்ணிக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அழுந்திய தாள் பின்னால் வந்தது. அது எனக்கு நிச்சயம். திருப்பி வைத்த எழுத்துதான் அப்படி உயர்ந்து நிற்கும். ஆனால் பின்னால் வந்தது தவறா, திருத்தமா? முதலில் ஒருமுறை பிடுங்கி, மாற்றி வைத்து, அப்புறம் இன்னொருமுறை பிடுங்கிச் சரியாக வைத்திருந்தால்? அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான்.

அதிகாரி மிஸ்திரியைக் கூப்பிட்டார்.

"டேய், இதுல கை வெச்சியா?"

"இல்ல சாப்."

"பொய் சொல்லாதே. போலீஸ் தானாவுக்கு அனுப்பிடுவேன், சமஜா? கேள்வித்தாளைத் திருத்தினா என்ன ஆகும் தெரியுமா? உள்ளதான். ஜாமீனே கிடையாது."

"நான் கைய வெக்கவே இல்ல சாப். கசம், சத்தியம்."

அவன் கையைப் பார்த்தேன். கரித்துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். தண்ணீரே இல்லாத துணி.

இன்னும் இரண்டு அதட்டல் போட்டால் அவன் 'இல்லை'யிலேயே உறைந்துபோவான். அப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் இல்லைதான். அதிகாரியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சார், ஒரு சாய் குடிச்சிட்டு வாங்க."

"இந்த நேரத்துல சாயா? வெளயாடறியா?"

"நீங்க இருந்தா பேசமாட்டான் சார்."

என்னை முறைத்தார். பிறகு கதவுத் திறப்புப் பக்கம் போய், காவல்காரனிடம் கெட்டிலை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அந்த மனிதரிடம் எனக்கு அப்போதுதான் மரியாதை வந்தது. பயந்துபோன மேலதிகாரி முதுகைக் காட்டுவது லேசில்லை.

மிஸ்திரி மெஷின் ஓரமாகக் குந்தியிருந்தான். நானும் குந்தினேன்.

"மை எப்படிடா இருந்துச்சு காலைல?"

"கேக்காதீங்கண்ணே. பத்தர். கல்லு."

"வெயில் காட்டாத மை."

"அதான். நான் நேத்தே சொன்னேன். யாரு கேட்டா?"

"எத்தன புடுங்கிச்சு?"

அவன் துணியைப் பிழிவது நின்றது.

பிடுங்கியதா என்று நான் கேட்கவில்லை. எத்தனை என்று கேட்டேன். நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. மை என்ன செய்தது என்று கேட்டேன். உண்மையில் முதல் குற்றம் மையுடையதுதான்.

"தோ" என்றான். இரண்டு.

"எங்க கெடந்துச்சு?"

"ரோலர்லயே ஒட்டிக்கிட்டு வந்துச்சுண்ணே. ஒரு பாஞ்ச், ஒரு ஸாத். வரில ரெண்டு பொந்து. எது எந்தப் பொந்துன்னு... ரெண்டும் ஒரே மாதிரி பொடி. வெச்சேன். சரியா உக்காந்துச்சு. கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல. சரின்னு ஓட்டிட்டேன்."

"ஏன்டா நிறுத்தல?"

"நிறுத்தினா நீங்க வருவீங்க. சாப் வருவாரு. மொத தடவ உள்ள விட்டிருக்காங்க, அதுக்குள்ள எழுத்த உதுத்துட்டான்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்போம். நான் இல்லையென்றாலும் யாராவது.

"நௌக்ரி... வேல போயிடுமாண்ணே?"

"தெரியாது."

"தெரியாதா?"

"தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு."

போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் முகம் அதைத்தான் கேட்டது. ஆனால் அது என் கையில் இல்லை. பொய்யைக் கொடுத்து உண்மையை வாங்கினால், வாங்கியதும் உண்மைதானா என்று அப்புறம் நமக்கே சந்தேகம் வரும்.

"இத மட்டும் சொல்லு. ஒரு தடவதான் புடுங்கிச்சா? அதுக்கு முன்னாடி, பின்னாடி?"

"ஏக் பார். ஒரே தடவண்ணே. மெஷின் மேல ஆணை."

ரோலரைக் கழற்றச் சொன்னேன். அந்த ரோலர் பசையும் பாகும் காய்ச்சி வார்த்தது. விரல் நகம் பட்டாலே பதியும்; எழுத்து ஒட்டிப் பிடுங்கிய இடத்திலும் தழும்பு விழும். மண்ணெண்ணெய் போட்டு மையைத் துடைத்தான். விளக்கடியில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். பழைய தழும்புகள் இருந்தன. ஓரம் மழுங்கியவை. ஓரம் கூராக, புதிதாக இருந்தவை இரண்டே இரண்டு. குளோரின் வரி ஓடும் தடத்தில். வேறு இல்லை. மூன்றாவது இருந்துவிடுமோ என்று திரும்பத் திரும்ப உருட்டினேன்.

அதிகாரி வந்தார். கெட்டிலில் சாய் ஆறிப்போயிருந்தது. குடிக்கவில்லை.

"என்ன சொல்றான்?"

"ஒரு தடவ ரெண்டு எழுத்து கழண்டிருக்கு சார். திருப்பி வெச்சிருக்கான். மாத்தி வெச்சிருக்கணும். ரோலர்லயும் ஒரு ஜோடித் தழும்புதான்."

"அப்ப 35 முதல்லதான் சரி. அப்படித்தானே? எழுதிக் குடுப்பியா?"

"அத நான் சொல்லமாட்டேன் சார். ஒரு தடவ கழண்டுச்சு, ஒரு ஜோடித் தழும்பு இருக்கு. என் கண்ணு பாத்தது அவ்வளவுதான்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மிஸ்திரியை நிமிர்ந்து பார்த்தார். அவன் ரோலரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான், கீழே வைக்கத் தெரியாதவன்போல.

"ஏன்டா, முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அவன் ரோலரில் இருந்த தழும்பையே பார்த்தான்.

"அழுந்தினது எல்லாம் கழிவு" என்றார் அதிகாரி. "வாங்க, பிரிக்கலாம்."

அந்த முடிவு அவருடையது. நானோ மிஸ்திரியோ எடுத்ததில்லை. எவன் தலை மேல் விழுமோ அவன்தான் முடிவெடுக்க வேண்டும். மற்றவன் தனக்குத் தெரிந்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், அவன் முன்னால் வைக்க வேண்டும்.

கட்டிய கட்டுகளை அவிழ்த்தோம். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒரே வரியைப் பார்த்தால் கண் தான் எதிர்பார்ப்பதையே காட்டும். அதனால் ஒருவன் கண்ணால் பார்க்க, அடுத்தவன் பின்பக்கம் கட்டைவிரலால் தடவினான். இரண்டும் ஒத்தால்தான் தாள் அந்தப் பக்கம் போகும். அதிகாரியும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தடவினார். தாள் புரளும் சத்தம்தான். பனியில் வெடித்த விரல்கள். தடவித் தடவி எரிந்தது.

வரியை அவிழ்த்து, எண்ணை இடம் மாற்றி, முடுக்கி, கழித்த தாளுக்குப் பதில் புதிதாக அடித்தோம். இந்தத் தடவை மை டப்பாவை மிஸ்திரி தன் போர்வைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு இளக்கினான். பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒருத்தன் சிரித்தான். "மிஸ்திரி, எத்தனாவது மாசம்?" என்றான். அன்றைக்கு ஒரே சிரிப்பு அதுதான்.

கழித்த தாளைத் தனியாகக் கட்டி வைத்து, கதவு திறந்ததும் முற்றத்தில் அதிகாரி கண் முன்னால் எரித்தோம். அவர் தன் குறிப்பில், மை இறுகி எழுத்து பிடுங்கியது, தாள் கழிந்தது என்று எழுதினார். பெயர் எழுதவில்லை. எழுதவில்லையா சார் என்று கேட்டேன்.

"மைக்கு ஏதுப்பா பேரு?" என்றார்.

காலையில் வண்டி வந்தது. போனது. கதவு திறந்தது.

முதலாளி விஷயத்தைக் கேட்டதும் மிஸ்திரியை அன்றே அனுப்பிவிடச் சொன்னார். நான் சொன்னேன்: "அனுப்புங்க. அடுத்த தடவ எழுத்து விழுந்தா எவனும் வாயத் தொறக்கமாட்டான். அதையும் கணக்குல வெச்சுக்குங்க." முதலாளி பஞ்சாபி. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பரீட்சை முடியட்டும் என்றார். கேள்வி சரி என்றால் இருக்கட்டும். தப்பு என்று பேப்பரில் ஒரு வரி வந்தாலும் அவன் போகிறான். அவனோடு நீயும் போகிறாய்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். உள்ளே இருந்தபோது கைக்கு வேலை இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. நாங்கள் அனுப்பியது சரியான தாள்தானா என்று எனக்குத் தெரியாது. ஒருவன் வாய்ச்சொல், ரோலரில் இரண்டு தழும்பு. அதை நம்பி அனுப்பிவிட்டோம். யாரையாவது கேட்கலாமா? குளோரினில் எது அதிகம் என்று எந்த வாத்தியாரிடமும் கேட்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். பரீட்சைக்கு முன்னால் அந்தச் சொல்லே என் வாயில் வரக் கூடாது.

அப்போது ஆர்.கே.புரத்தில் ஒரு சர்க்கார் குவார்ட்டர்ஸின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் தஞ்சாவூர்க்காரர், மினிஸ்ட்ரியில் கிளார்க். அவர் பெண் அந்த வருடம் அதே பரீட்சை எழுதப்போகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள்.

ஒருநாள் வீட்டுக்காரர் வராந்தாவில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன, பிரஸ்ல இருக்கேளே, கொஸ்டின் பேப்பர் ஏதாவது கண்ணுல பட்டுதா? கொழந்தைக்கு ஒரு ஹிண்ட் குடுங்கோளேன்."

"கல்யாணப் பத்திரிகைதான் சார் அடிச்சோம்."

"இத்தனை நாளா? யாருக்கு அவ்ளோ கல்யாணம்?"

"தை மாசம் சார்."

பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, கெமிஸ்ட்ரில ஐசோடோப்ஸ் விட்டுடவா? மேல நம்பர், கீழ நம்பர்னு ஒரே கன்ஃப்யூஷன். பகுத் போரிங்."

விடாதே என்று ஒரு சொல். சொன்னால் நான் சாப்பிட்ட உப்புக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மார்க்கு போகும். தலையைக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் அங்கேயே நின்றேன்.

மிஸ்திரி தினமும் என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையை ஆட்டுவேன். இன்னும் இல்லை என்று. அவன் மெஷினைத் துடைக்கப் போய்விடுவான். துடைத்த மெஷினையே துடைப்பான்.

ரசாயனப் பரீட்சை நாள். மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வராந்தாவில் ஒன்றும் இல்லாத வாளியைக் கழுவிக்கொண்டு இருந்தேன். பெண் வந்தாள். அவள் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்படிடி பண்ணினே?"

"அச்சா தா மா, நன்னாதான் பண்ணினேன். ஆனா அந்த ஐசோடோப் சம் வந்துடுத்து! குளோரின். என் ஜானே போயிடுத்து."

வாளியை வைத்தேன்.

"ஏன்மா?" என்றேன்.

"குளோரினுக்கு ஆன்சர் 35.5 வரணும் அங்கிள். அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு 36.5 வந்துது. திரும்பப் போட்டேன். மறுபடியும் 36.5. கொஸ்டின்லயே மிஸ்டேக்னு நெனச்சு டீச்சரைக் கூப்பிடக் கையைத் தூக்கிட்டேன்."

ஒரு தாள் தப்பிவிட்டது. ஒன்று தப்பினால் ஒன்றோடு நிற்காது. மிஸ்திரி பொய் சொல்லியிருக்கிறான். அல்லது நாங்கள் மொத்தமாக மாற்றி வைத்துக்கொண்டோம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. திருப்பிப் படிச்சேன். நான்தான் உல்டா பண்ணியிருந்தேன். த்ரீ ஃபோர்த்துக்கு 37 எடுத்துண்டு போட்டிருக்கேன், முட்டாள் மாதிரி. மாத்திப் போட்டேன், 35.5 வந்துடுத்து."

"தாள் இருக்காம்மா?"

"கொஸ்டின் பேப்பரா? இதோ. உங்களுக்கு எதுக்கு அங்கிள்?"

"அச்சு எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு."

ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். முன்பக்கம் பார்க்க மனம் வரவில்லை. திருப்பினேன். கட்டைவிரலால் மெதுவாகத் தடவினேன். மழமழவென்று இருந்தது. அதற்கப்புறம்தான் முன்பக்கம் பார்த்தேன். முக்காலுக்குப் பக்கத்தில் 35.

அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போனேன். மிஸ்திரி வெளியே டீ வண்டியில் நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் ஆட்கள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஸாடே பைந்தீஸ்" என்றேன். முப்பத்தைந்தரை.

"எதோட பாவ்? ஆலுவா, பியாஸா?" உருளைக்கிழங்கு விலையா, வெங்காய விலையா என்று நினைத்துவிட்டான்.

"ரோலர்ல ஒட்டுச்சே, அதோட பாவ். சரியான பாவ்."

அவன் கண்ணாடி டம்ளரைச் சட்டென்று கீழே இறக்கினான். கொஞ்சம் சிந்தியது. டீக்காரன் திட்டினான். மிஸ்திரி மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

முதலாளி அவனை அனுப்பவில்லை. பூட்டிய வேலைக்கு மட்டும் அடுத்த வருடம் சேர்க்கவில்லை. நான் அதற்குச் சண்டை போடவில்லை. அவனும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. "அண்ணே, கிரா! விழுந்துடுச்சு!" என்று ஒரு குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

போனேன். ஒரே ஒரு எழுத்து. மாப்பிள்ளை பெயரின் கடைசி எழுத்து. எங்கே போக வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவனே வைத்திருக்கலாம்.

வைக்கவில்லை. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, நான் வரும் வரை அசையாமல் நின்றான்.